ஹாரி பாட்டருக்குத் தாமதமாக வருகிறவர்கள்: புத்தகமா, படமா, காதால் கேட்பதா?

புரட்டினால் இடது பக்கம் 416, வலது பக்கம் 449. தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நகத்தால் நெம்பிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டு ஃபாரம், முப்பத்திரண்டு பக்கம், பைண்டிங்கிலேயே விட்டுப்போயிருக்கிறது. நடைபாதையில் ஏழு புத்தகத்தையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்ததைப் பேரம் பேசி வாங்கிய திருட்டுப் பதிப்பு அது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

நாற்பத்தொரு வயதில், மின்சார ரயிலில், ஹாரி பாட்டரின் ஐந்தாம் பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு இப்படி முழித்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். எல்லா வழியிலும் கொஞ்சம் கொஞ்சம் போய்ப் பார்த்துவிட்டேன். படம் பார்த்துவிட்டுப் புத்தகம், புத்தகம் படித்துவிட்டுப் படம், ஆங்கிலம், தமிழ், ஒலிப்புத்தகம், பையனுக்கு வாசித்துக் காட்டுவது, எல்லாம். இனிமேல் தொடங்கப் போகிறவர்கள் நான் விரயம் செய்த பணத்தையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கலாம். யார் சாகிறார்கள், யார் உண்மையில் யார் என்பதையெல்லாம் சொல்ல மாட்டேன். தைரியமாகப் படிக்கலாம்.

முதல் புத்தகத்தை லண்டனில் ப்ளூம்ஸ்பரி வெளியிட்டது 1997 ஜூன் 26 அன்று. கெட்டி அட்டையில் முதலில் அச்சிட்டது 500 பிரதி. அப்போது நான் எட்டாம் வகுப்பு, தமிழ் மீடியம். மாயக்கதை என்றால் எனக்கு அம்புலிமாமாவும் வேதாளமும்தான். ஏழாவதும் கடைசியுமான புத்தகம் 2007 ஜூலை 21 அன்று வந்தபோது வேலைக்குச் சேர்ந்த புதிது. அமெரிக்காவில் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் 83 லட்சம் பிரதி விற்றது என்ற செய்தியைப் படித்தேன், புத்தகத்தைப் படிக்கவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க 60 கோடிப் பிரதிக்கு மேல் விற்றாகிவிட்டது. 80க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தாயிற்று. இத்தனை பேர் படித்து முடித்த ஒன்றைத் தொடங்குவதில் ஒரு கூச்சம் இருக்கிறது, கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் போய் உட்காருகிற கூச்சம். இலையில் எல்லாம் விழும், பாயசம் மட்டும் தீர்ந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தவள் அக்கா மகள். கல்லூரியில் படிக்கிறாள். பிறந்தது 2005. அதாவது ஆறாவது புத்தகம் வந்த வருஷம். கணக்குப் பார்த்தால் அவளும் தாமதமாக வந்தவள்தான். ஆனால் அவள் பதினொரு வயதில் வந்தாள், கதையில் ஹாரி மந்திரப் பள்ளிக்குப் போகிற அதே வயதில். நான் வந்தது அவனுடைய ஆசிரியர்களின் வயதில். தாமதத்தில் இப்படி இரண்டு வகை இருக்கிறது, வருஷத்தில் தாமதம், வயதில் தாமதம். வருஷத்தில் தாமதமானால் நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை. நான்காம் புத்தகத்துக்கும் ஐந்தாம் புத்தகத்துக்கும் நடுவில் வாசகர்கள் ஏறக்குறைய மூன்று வருஷம் காத்திருந்தார்கள், 2000 ஜூலையிலிருந்து 2003 ஜூன் வரை. நமக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை யாரோ கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்ததை, கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுப் பரணிலிருந்து எடுத்து ஒரே மூச்சில் படிப்போமே, அந்தச் சௌகரியம். வயதில் தாமதமானால்தான் வழியை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கனம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ஏழு புத்தகமும் சேர்ந்து சுமார் 10.8 லட்சம் சொற்கள். ஆனால் அது சமமாகப் பிரிந்திருக்கவில்லை. முதல் புத்தகம் 77,000 சொல், இரண்டாவது 85,000, மூன்றாவது 1,07,000. மூன்றும் சேர்த்தாலே மொத்தத்தில் கால்வாசிதான். ஐந்தாவது ஒன்று மட்டும் 2,57,000 சொல், கிட்டத்தட்ட முதல் மூன்றும் சேர்ந்த கனம். பிரிட்டிஷ் பதிப்பில் முதல் புத்தகம் 223 பக்கம், ஐந்தாவது 766. அலமாரியில் வரிசையாக நிற்க வைத்தால் மூன்று ஒல்லிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நான்கு பயில்வான்கள் நிற்கிற மாதிரி இருக்கும்.

என் ஆங்கில வேகம் நிமிஷத்துக்கு 150 சொல். ரயிலில் தினமும் அரை மணி நேரம் என்று வைத்தால் முதல் மூன்றுக்கு இரண்டு மாதம், ஏழுக்கும் எட்டு மாதம். எட்டுப் படங்களும் சேர்ந்து 1,179 நிமிஷம், இருபது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு வார இறுதியில் முடிந்துவிடும். ஒலிப்புத்தகமாகக் கேட்டால் நூறு மணி நேரத்துக்கு மேல். இந்தக் கணக்கைப் பார்த்ததும் படத்துக்குத்தான் கை போகும். எனக்கும் போனது.

படங்கள் 2001இலிருந்து 2011 வரை வந்தன. முதல் இரண்டை எடுத்த கிறிஸ் கொலம்பஸ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எடுத்த மாதிரி எடுத்திருக்கிறார். மூன்றாவதை எடுத்த அல்ஃபோன்சோ குவாரோன் துணிந்து வெட்டினார், படமாகப் பார்த்தால் எட்டில் அதுதான் என் கணக்கில் முதலிடம். நான்காவதற்கு மைக் நியூவெல், கடைசி நான்குக்கும் டேவிட் யேட்ஸ். பள்ளிக்கூடம், மிதக்கும் மெழுகுவர்த்திகள், முதல் மூன்று படங்களில் ஜான் வில்லியம்ஸின் இசை, இவற்றையெல்லாம் குறை சொல்ல முடியாது.

ஆனால் படத்தில் எது விட்டுப்போகிறது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய புத்தகமான ஐந்தாவதை 138 நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள், எட்டுப் படங்களில் நீளம் குறைந்ததில் இரண்டாவது அதுதான். பீவ்ஸ் என்று ஒரு வம்புக்காரப் பேய் புத்தகம் முழுக்க ரகளை செய்கிறது. முதல் படத்துக்கு ரிக் மேயல் என்ற நடிகரை வைத்து அதை எடுத்தும், கடைசியில் வெட்டிவிட்டார்கள். மூன்றாம் கதையில் ஒரு வரைபடம் வருகிறது. அதை வரைந்தவர்கள் யார் என்பது புத்தகத்தில் ஹாரியின் நெஞ்சைத் தொடுகிற விஷயம். படத்தில் அதைச் சொல்லவே இல்லை. படம் மட்டும் பார்த்திருந்த நான், “அந்த மேப் நல்லா இருந்ததுடி” என்று அக்கா மகளிடம் சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “சித்தி, அது யார் போட்ட மேப்புன்னு தெரியாமலே நல்லா இருந்ததா உங்களுக்கு?”

இன்னொரு நஷ்டம் முகங்கள். ஸ்னேப் என்ற ஆசிரியருக்குப் புத்தகக் கணக்குப்படி முதல் பாகத்தில் 31 வயது. படத்தில் நடித்த ஆலன் ரிக்மனுக்குப் படம் வந்தபோது 55. பிரமாதமான நடிகர், அந்தக் குரலுக்கு ஈடு கிடையாது. ஆனால் கதையில் ஹாரியின் பெற்றோர் தலைமுறை சின்ன வயதிலேயே போருக்குள் விழுந்த தலைமுறை. அவர்கள் எல்லோரும் இன்னும் முப்பதுகளின் தொடக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்பது, நாற்பதைத் தாண்டிய வாசகருக்குத் தனியாக உறைக்கும். எனக்கு ஏழாம் பாகத்தில் ஒரு கல்லறைக் காட்சியில், கல்லில் பொறித்த வருஷங்களைக் கழித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் போனால் அந்த நரைத்த முகங்களே மனதில் நிற்கும், எவ்வளவு முயன்றாலும் இளமையாகாது.

அதனால் படம் முதலில் வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு விதிவிலக்கு உண்டு. புத்தகம் படிக்கவே போவதில்லை, வீட்டில் பிள்ளைகள் பேசுவது புரிந்தால் போதும் என்றால் தாராளமாகப் படம் பாருங்கள். மூன்றாவது வரை சிறு பிள்ளைகளோடு பார்க்கலாம். நான்காவதற்கு பிரிட்டனில் 12ஏ சான்றிதழ், அதாவது பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணையோடுதான் தியேட்டருக்குள் போகலாம். கதையே அங்கிருந்து இருட்டுக்குள் போகிறது.

சரி, புத்தகம். ஆங்கிலத்தில் படிக்கலாம் என்றால் முதல் தடை ஆங்கிலம் இல்லை, தொடக்கம்தான். முதல் புத்தகம் பத்து வயதுப் பிள்ளைக்கு எழுதப்பட்டது. பெரியம்மா வீட்டில் கொடுமைப்படும் அநாதைப் பையன், கொழுத்த அண்ணன், மாடிப்படிக்குக் கீழே பொந்து. நமக்குப் பழைய சங்கதி. கடிதங்கள் வரத் தொடங்குவது மூன்றாம் அத்தியாயத்தில், ரயில் ஏறுவது ஆறாம் அத்தியாயத்தில். அதற்கு முன்னால் “இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்று மூடி வைத்தவர்களை எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். ஆறாவது வரை போய்விட்டு முடிவு செய்யுங்கள் என்பேன்.

ரயிலில் அட்டையைப் பார்த்து யாராவது சிரிப்பார்களோ என்று தயக்கம் இருந்தால், அது உலகம் முழுக்க இருந்த தயக்கம்தான். ப்ளூம்ஸ்பரி 1998இலேயே பெரியவர்களுக்கென்று வேறு அட்டை போட்டு அதே புத்தகத்தை விற்றது. உள்ளே ஒரு வரி மாறவில்லை. இங்கே கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பிரிட்டிஷ் பதிப்புதான். அமெரிக்கப் பதிப்பில் முதல் புத்தகத்தின் தலைப்பே வேறு, உள்ளேயும் சில சொற்களை அங்கத்திய பிள்ளைகளுக்காக மாற்றியிருக்கிறார்கள். தலைமையாசிரியர் டம்பிள்டோர் முதல் அத்தியாயத்தில் நீட்டுகிற ‘ஷெர்பட் லெமன்’ அங்கே ‘லெமன் ட்ராப்’ ஆகிவிட்டது. எதைப் படித்தாலும் நமக்கு எலுமிச்சை மிட்டாய்தான், அதற்காகத் தேடி அலைய வேண்டாம். ‘ஹவுஸ்’, ‘ப்ரிஃபெக்ட்’ என்பதெல்லாம் நம்மூர் ஆங்கிலப் பள்ளிகளுக்கும் அதே பிரிட்டிஷ் வழியில் வந்து சேர்ந்தவை. ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ் என்று பிரித்து ஸ்போர்ட்ஸ் டே நடத்துகிற பள்ளியில் படித்த யாருக்கும் அந்தப் பள்ளியின் அமைப்பு சட்டென்று பிடிபடும்.

மொழி கடினமாகும் இடம் பள்ளியின் காட்டுக்காவலன் ஹாக்ரிட் பேசுகிற இடங்கள். இங்கிலாந்தின் தென்மேற்குப் பக்கத்து நாட்டுப்புறப் பேச்சை அப்படியே எழுத்தில் போட்டிருக்கிறார் ஆசிரியர் ஜே.கே. ரோலிங். எழுத்தெல்லாம் விழுந்தும் உடைந்தும் கிடக்கும். வாய்விட்டுப் படித்தால் பாதி புரிந்துவிடும். மற்றபடி அகராதி தேவைப்படாத ஆங்கிலம். ஹாரியின் தோழி ஹெர்மியோனியின் பெயரை நான் ‘ஹெர்மியோன்’ என்றே மூன்று புத்தகம் ஓட்டினேன். நான்காவதில் அவளே ஒருவனுக்குத் தன் பெயரை அசை அசையாகச் சொல்லிக்கொடுக்கும் காட்சி வருகிறது. உலகம் முழுக்க என்னைப் போல உளறியவர்களுக்காகவே ஆசிரியர் வைத்த காட்சி அது.

இப்போது தமிழ். மஞ்சுள் பதிப்பக வெளியீடாக பிஎஸ்வி குமாரசாமி மொழிபெயர்ப்பில் ‘ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்’ கிடைக்கிறது. தலைப்பில் வருகிற அந்தச் சொல்லே எனக்கு ஆங்கிலத்தை விட நெருக்கம். ஈயத்தைப் பொன்னாக்கும் சித்தர்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு ‘ரசவாதம்’ என்றதும் பாதிக் கதை புரிந்துவிடுகிறது.

எந்தத் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கும் இந்தக் கதையில் இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. முதல் பொறி எழுத்து விளையாட்டு. முதல் புத்தகத்தில் எரிசெட் என்ற பெயரில் ஒரு மாயக்கண்ணாடி வருகிறது. அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிக் கடைசியிலிருந்து படித்தால்தான் அது என்ன கண்ணாடி என்று தெரியும். சட்டத்தில் பொறித்திருக்கும் வாசகமும் அப்படித்தான். தமிழ் எழுத்தில் தலைகீழாகப் படித்தால் ஒன்றும் வராது. இரண்டாம் புத்தகத்தில் ஒரு பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் இன்னொரு வாக்கியம் கிடைக்கிற இடம் ஒன்று உண்டு. பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் அந்தக் கணக்கு சரியாக வருவதற்காக அந்தப் பாத்திரத்துக்கு நடுப்பெயராக ‘எல்விஸ்’ என்று சேர்த்தார்கள். பயங்கரமான கதாபாத்திரத்துக்கு எல்விஸ்! உயிரும் மெய்யும் ஒட்டிக்கொண்டு நிற்கிற நம் எழுத்தில் இது இன்னும் சிரமம். கடைத்தெருக்களின் பெயர்களில் ஒளிந்திருக்கும் சிலேடைகளும் தமிழுக்கு வந்தால் வெறும் பெயர்கள்தான்.

இரண்டாம் பொறி எனக்கே தட்டுப்பட்டது. பையன் நான்காம் வகுப்பு. தமிழ்ப் புத்தகம் கைக்கு வரும் முன்பு, ராத்திரி ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எனக்கு வாய்த்த தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் மந்திரபான வகுப்பு. “கதவு டமார்னு திறந்தது, ஸ்னேப் உள்ளே வந்தான்” என்றேன்.

“டீச்சரை ஏம்மா வந்தான்னு சொல்றே?”

மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் ஒரே ஒரு ‘ஹி’யில் எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள், தலைமையாசிரியரும் வில்லனும் பதினொரு வயதுப் பையனும். கதை எழுதியவர் யார் பக்கம் சாய்கிறார் என்று அந்தச் சொல்லிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. தமிழில் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்த உடனே அவனா, அவரா என்று முடிவு செய்தாக வேண்டும். ஸ்னேப்பை ‘அவன்’ என்றால் அவன் கெட்டவன் என்று நானே தீர்ப்பு எழுதிவிடுகிறேன். ‘அவர்’ என்றால் ஹாரியின் வெறுப்பு தணிந்துவிடுகிறது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதைக் கடைசி வரை மறைத்து வைப்பதுதான் இந்தத் தொடரின் சூட்சுமம். அதை நம் இலக்கணம் வினைமுற்றிலேயே போட்டு உடைக்கப் பார்க்கிறது. அன்றைக்கு “வந்தார்” என்று திருத்திக்கொண்டு மேலே போனேன். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுப் பாத்திரமும் வாசலில் நிற்கும்போது எனக்கு ஒரு விநாடி நாக்கு நின்றது.

தமிழ் ஜெயிக்கும் இடமும் உண்டு. வில்லனின் பெயரை வாயால் சொல்ல எல்லோரும் பயப்படுகிறார்கள், சுற்றி வளைத்துத்தான் குறிப்பிடுகிறார்கள். ஆங்கிலத்தில் படித்தபோது இது எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. தமிழில் சொன்னபோது அப்படி இல்லை. ராத்திரியில் பாம்பு என்று சொல்லக் கூடாது, பூச்சி என்று சொல்லு என்று அதட்டிய பாட்டிதான் ஞாபகத்துக்கு வந்தாள். பையன் அந்த இடத்தில் குறுக்கே கேள்வியே கேட்கவில்லை. ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினால் வரிக்கு ஒரு தரம் “அப்படின்னா?” என்பான். தமிழில் அத்தியாயம் முடியும் வரை வாயைத் திறக்க மாட்டான்.

ஆகவே ஆங்கிலத்தில் ஒரு நாவலாவது முழுதாகப் படித்திருக்கிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் ஆங்கிலம். இல்லை என்றால் தமிழ், கூச்சமே வேண்டாம். “இங்கிலீஷ் இம்ப்ரூவ் ஆகும்” என்பதற்காக மட்டும் ஆங்கிலத்தில் தொடங்கியவர்கள் என் அலுவலகத்தில் இரண்டு பேர். இருவருமே இரண்டாம் புத்தகத்தைத் தாண்டவில்லை. வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிட்டது. எதில் தொடங்கினாலும் ஒரு புத்தகத்தின் நடுவில் மொழி மாறாதீர்கள். பெயர்கள் குழம்பிவிடும்.

இனி, அந்த முப்பத்திரண்டு பக்கம். அக்கா மகளுக்கு போன் போட்டேன். அவளுடைய புத்தகத்தை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். “ஆடியோபுக்ல அந்தச் சாப்டரை மட்டும் கேளுங்க சித்தி, ஸ்டீஃபன் ஃப்ரை படிச்சிருக்கார்” என்றாள். பிரிட்டிஷ் ஒலிப்பதிப்பு ஏழையும் படித்தவர் ஸ்டீஃபன் ஃப்ரை. அமெரிக்கப் பதிப்புக்கு ஜிம் டேல். சனிக்கிழமை காலை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தேன். விட்டுப்போன இடம் முடிந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. சாம்பார் கொதித்தது, ஹாக்ரிட் பேசினான். எழுத்தில் என்னை இழுத்தடித்த அந்தப் பேச்சு, காதில் எங்கள் ஊர் லாரி டிரைவர் பேசுகிற மாதிரி சரளமாக இருந்தது. (பார்த்தீர்களா, ஹாக்ரிட்டுக்கு நான் ‘பேசினான்’ போட்டுவிட்டேன். அவனை ‘அவர்’ என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்.) முதல் புத்தகத்தில் இறகை மிதக்க வைக்கும் மந்திரத்தை ஹாரியின் நண்பன் ரான் தப்பாகச் சொல்ல, ஹெர்மியோனி திருத்துவாளே, அந்த மாதிரி இடங்களும் கேட்பதற்கென்றே பிறந்தவை.

ஐந்தாம் புத்தகம் ஒலியில் ஏறத்தாழ 30 மணி நேரம். அச்சில் எனக்கு அது மூச்சு வாங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதினைந்து வயதுப் பையன் எந்நேரமும் கோபமாகவே இருக்கிறான், பெரியவர்கள் யாரும் எதையும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், பக்கம் நகர மாட்டேன் என்கிறது. அதே நீளம் சமையல் வேலைக்குத் துணையாக வந்தபோது பாரமாகத் தெரியவில்லை. அம்பிரிட்ஜ் என்ற அந்த இளஞ்சிவப்புக் கம்பளிச்சட்டைக்காரியின் செருமலை ஃப்ரை செய்துகாட்டும்போது, நான் வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலும் இருந்த ஒவ்வொரு அம்பிரிட்ஜும் கண் முன்னால் வந்து போனார்கள்.

ஒலியில் குறை ஒன்று, சின்னக் குறை இல்லை. திரும்பிப் போக முடியாது. ரோலிங் எதையும் சும்மா வைப்பதில்லை. ஐந்தாம் புத்தகத்தில் பழைய வீட்டை ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்யும் காட்சியில், சாமான்களோடு சாமானாக ஒரு பொருள் ஒரே வரியில் வந்துபோகிறது. ஏழாம் புத்தகத்தில் எல்லோரும் அதைத் தேடி அலைகிறார்கள். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று பழைய புத்தகத்தைப் புரட்டி, கண்டுபிடித்து, பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். நல்லவேளை அந்தப் பக்கம் என் பிரதியில் இருந்தது. காதால் மட்டும் கேட்டிருந்தால் தேங்காய் துருவுகிற சத்தத்தில் அது போயே போயிருக்கும்.

என்னைக் கேட்டால் ஏழு புத்தகத்துக்கும் ஒரே வழி என்று முடிவு செய்வதில்தான் தப்பு நடக்கிறது. முதல் மூன்றை அச்சில் படியுங்கள், ஒவ்வொன்றும் முடிந்ததும் அதன் படத்தைப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் படம் பரிசு மாதிரி இருக்கும். மூன்றாவது முடிந்ததும் நிறுத்தி யோசியுங்கள். மேலே போக மனம் இல்லை என்றால் விட்டுவிடலாம், இன்னும் முக்கால்வாசி பாக்கி இருக்கிறது, இழுத்துப் பறித்து முடிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. மிச்சத்தைப் படமாகப் பார்த்தால் போதும். போகத் தோன்றினால் நான்காவதும் அச்சில். ஐந்தாவது காதில், பக்கத்தில் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு. ஆறும் ஏழும் மறுபடி அச்சில், நடுவில் ஒரு படமும் பார்க்காமல். ஏழாம் புத்தகத்தின் 33ஆம் அத்தியாயத்தைப் படிக்கும் வரை கூகுளில் எந்தப் பெயரையும் தேடாதீர்கள். யார் செத்தார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதகமில்லை, எனக்கு ஒரு சாவு பல வருஷமாகவே தெரியும், அப்படியும் அந்தப் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. அந்த அத்தியாயத்தில் வருவது வேறு மாதிரியான விஷயம். அது தெரிந்துவிட்டால் ஆறு புத்தகத்தின் ருசி மாறிவிடும்.

ஏழையும் ஒரே பெட்டியில் வாங்குவதை எல்லோரும் செய்கிறார்கள், நானும் ஒரு தினுசில் அதைத்தான் செய்தேன். வேண்டாம். முதல் புத்தகத்தை மட்டும் வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள். இந்தத் தொடர் இல்லாத வீடு குறைவு. அது பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளையின் அலமாரியில் தூசு படிந்திருக்கும். திருட்டுப் பதிப்பைப் பற்றி உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. 416ஐயும் 449ஐயும் மட்டும் நினைவில் வையுங்கள்.

ஜிம் கே வரைந்த படப்பதிப்புகள் அழகு. முதல் புத்தகம் 2015இல் வந்தது. ஆனால் ஐந்தாவதோடு அவர் நிறுத்திக்கொண்டார், அதனால் வரிசை முழுமையாகாது. பிள்ளைக்குப் பரிசாக முதல் ஒன்றைக் கொடுக்கலாம். 2016இல் வந்த நாடகப் புத்தகத்தை எட்டாம் பாகம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது மேடைக்கு ஜாக் தோர்ன் எழுதிய நாடகப் பிரதி, நாவலாக எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். எச்பிஓ நிறுவனம் எடுக்கும் புதிய தொலைக்காட்சித் தொடர் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பத்தாண்டுத் திட்டம் என்று 2023இல் அறிவித்தார்கள். தாமதமாக வந்தவர்கள் இன்னும் பத்து வருஷம் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

ஆசிரியரைப் பற்றியும் ஒன்று. திருநர் குறித்து ரோலிங் 2020இலிருந்து சொல்லிவருகிற கருத்துகளால் பழைய வாசகர்கள் பலர் விலகிப் போனார்கள். ஹாரியாக நடித்த டேனியல் ராட்கிளிஃப் அதில் தமக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அக்கா மகளும் அந்தக் கோபக்காரர்களில் ஒருத்தி. புதிதாக எதையும் வாங்குவதில்லை, இருப்பதை விடுவதும் இல்லை. உங்களுக்கும் உறுத்தினால் நூலகமோ பழைய புத்தகக் கடையோ இருக்கிறது.

பையன் இப்போது தானாகவே படிக்கிறான், இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறான். நான் ஏழையும் முடித்துவிட்டேன் என்று தெரியும், அதனால் அவ்வப்போது வந்து ஆழம் பார்ப்பான். போன வாரம் சாப்பிட உட்கார்ந்தவன், “ஸ்னேப் இன்னைக்கு என்ன பண்ணினான் தெரியுமாம்மா?” என்று ஆரம்பித்தான். சொல்லி முடித்துவிட்டு, திருத்துவேன் என்று எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தான். “ரசம் ஊத்தட்டுமா?” என்று கேட்டேன்.